இடதுகைக்கு ஒரு கட்டை

துப்பாக்கிக்குக் கட்டை செய்ய ஆள் தேடுகிறேன் என்று கோயம்புத்தூரில் யாரிடம் சொன்னாலும் முதலில் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அப்புறம், "எதுக்குங்க, காட்டுப்பன்னிக்கா?" என்று கேட்பார்கள். இது ஏர் ரைஃபிள், போட்டிக்கு உள்ளது, பத்து மீட்டர் தள்ளி வைத்த காகிதத்தைச் சுடுவது என்று நான் விளக்கி முடிப்பதற்குள் எதிரில் இருப்பவருக்குச் சுவாரஸ்யம் போய்விடும். காகிதத்தைச் சுட ஒரு மனிதன் இத்தனை அலைவானா என்ற கேள்வி முகத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். என் மனைவியின் முகத்தில் அது நிரந்தரமாகவே உட்கார்ந்திருந்தது.

அலைந்ததற்குக் காரணம் நான் பிறந்த வாகு. எழுதுவது, சாவி திருப்புவது, பந்து எறிவது எல்லாம் இடது கை. குறி பார்க்கும் கண்ணும் இடதுதான். க்ளப்பில் சேர்ந்து இரண்டு வருடம் இரவல் ரைஃபிளில் சுட்டுவிட்டு, சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்று பார்த்தால், புதிய ஜெர்மன் ரைஃபிளின் விலை இரண்டு லட்சத்தைத் தாண்டி நின்றது. மாதச் சம்பளக்காரனுக்கு அது கனவுதான். அப்போதுதான் ஓய்வுபெற்ற ஒரு சுடுநர் தன் பழைய ஃபைன்வெர்க்பாவ் 300எஸ் ரைஃபிளை விற்பதாகத் தகவல் வந்தது. நெக்கர் ஆற்றங்கரையில் ஓபர்ன்டார்ஃப் என்ற ஊரில் செய்தது. மவுசர் துப்பாக்கி பிறந்த அதே ஊர். மவுசரில் வேலை பார்த்த இரண்டு பொறியாளர்கள் தொடங்கிய கம்பெனி. 1970களில் பெரிய போட்டிகளில் பார்த்த இடமெல்லாம் இந்த மாடல்தான் இருந்தது. வயதான யந்திரம்தான், ஆனால் குழலில் குறையில்லை. கட்டை வால்நட் மரம். அழகான கட்டை, வலதுகைக்காரனுக்கு.

வலதுகைக் கட்டையை இடதுகைக்காரன் பிடித்தால் என்ன ஆகும் என்று வெளியாட்களுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். நின்று சுடும் இந்த ஆட்டத்தில் ரைஃபிளின் எடையைத் தசை தாங்கக் கூடாது, எலும்பு தாங்க வேண்டும். முழங்கையை இடுப்பெலும்பின் மேல் ஊன்றி, முஷ்டியின் மேல் ரைஃபிளை உட்கார வைத்து, முதுகைச் சற்றே பின்னால் சாய்த்து, கன்னத்தைக் கட்டையில் சாற்றியபடி 75 நிமிடத்தில் அறுபது குண்டு சுட வேண்டும். பத்துக்கான புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். கன்னம் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் படியாவிட்டால் கண் ஒவ்வொரு தடவையும் வேறு இடத்திலிருந்து பார்க்கும். என் ரைஃபிளில் கன்னத்துக்கான மேடு மறுபக்கம் இருந்தது. கைப்பிடியில் உள்ளங்கைக்கென்று புடைத்துக் கொடுத்திருந்த இடம் என் விரல் நுனிகளில் போய் இடித்தது. கழுத்தைக் கோணி எட்டிப் பார்த்துத்தான் சுட்டுக்கொண்டிருந்தேன். முப்பது குண்டுக்கு மேல் எல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கும். கோச் இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "கட்டையை மாத்துங்க சார், இல்லாட்டி கழுத்தை மாத்துங்க" என்றார்.

அலுமினியச் சட்டத்தில் எல்லாப் பக்கமும் ஸ்க்ரூ வைத்து நீட்டி நிமிர்த்தும் கட்டைகள் இப்போது வருகின்றன. அவற்றைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை, உலகமே அதில்தான் சுடுகிறது. ஆனால் டிசம்பர் காலையில் அந்த உலோகத்தில் கன்னத்தை வைத்துப் பாருங்கள். எனக்கு மரம்தான் வேண்டும் என்று தோன்றிவிட்டது.

சட்டச் சிக்கல் இல்லாதது ஒரு நிம்மதி. 4.5 மில்லிமீட்டர் விட்டத்துக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மேற்படாத ஏர் ரைஃபிளுக்கு 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் உரிமம் கேட்பதில்லை. போட்டி ரைஃபிளின் ஆற்றல் அதில் பாதியைக்கூடத் தொடாது. அதனால் லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடைக்குத்தான் போக வேண்டும் என்ற கட்டாயமில்லை, மரவேலை தெரிந்த எவரிடமும் கொண்டுபோகலாம். ஆனாலும் அந்த விதியை ஜெராக்ஸ் எடுத்துக் கவருக்குள் வைத்துக்கொண்டேதான் திரிந்தேன். பஸ்ஸில் நீளமான பையோடு ஏறுகிறவனுக்கு அது துணை.

முதலில் போனது துப்பாக்கிக் கடைக்குத்தான். தோட்டக்காரர்களின் ஒற்றைக்குழல் துப்பாக்கிகளுக்குப் பித்தளைத் தகடு வைத்துக் கட்டை ஒட்டிக்கொடுக்கும் பெரியவர் ஒருவர் பின்கட்டில் இருந்தார். நல்ல கைக்காரர் என்று பெயர். ரைஃபிளை வாங்கி, குழலை வெளிச்சத்தில் பார்த்து, "சரக்கு சுத்தம்" என்றார். இடதுகை விஷயத்தைச் சொன்னதும், இந்தப் பக்கத்து மேட்டைச் சீவிவிட்டு அந்தப் பக்கம் ஒரு துண்டு ஒட்டி பாலிஷ் போட்டால் தீர்ந்தது, சனிக்கிழமை வாங்கிக்கொள்ளலாம் என்றார். சொன்ன விலை மலிவு. ஆனால் பேச்சு முடியும்வரை அவர் என்னை நிற்கச் சொல்லவில்லை, ரைஃபிளைத் தோளில் வைத்துக் காட்டச் சொல்லவுமில்லை. நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

காரைக்குடியில் என் மைத்துனருக்குத் தெரிந்த ஒருவர் கதவு நிலை செதுக்குகிறவர். பழைய பர்மாத் தேக்கு கையில் வைத்திருந்தார். போனதும் கட்டையின் மேல் உள்ளங்கையை ஓட்டிப் பார்த்துவிட்டு, "இங்க ஒரு யாளி வைக்கலாமா மாப்பிள்ளை?" என்று கேட்டார். கைப்பிடிக்குப் பின்னால் கொடிக்கருக்கு, முனையில் தாமரை மொட்டு. பென்சிலை எடுத்துக் காகிதத்தில் போட்டும் காட்டினார். அரை மணி நேரத்தில் அப்படி ஒரு யாளி. இன்னும் அந்தக் காகிதம் என்னிடம் இருக்கிறது. ஆனால் உள்ளே யந்திரம் உட்காரும் பள்ளத்தைப் பற்றிக் கேட்டபோது, "அது குடைஞ்சுக்கலாம், அது ஒண்ணும் பெரிய வேலையில்ல" என்றார். அதுதான் பெரிய வேலை.

நண்பர்கள் காஷ்மீரைச் சொன்னார்கள். ஸ்ரீநகரில் ரைனாவாரிப் பகுதியில் பந்தூக் கார் மொஹல்லா என்றே துப்பாக்கி செய்கிறவர்களின் தெரு இருக்கிறது. அங்கே வால்நட் மரத்தில் கட்டை செதுக்குவதைத் தலைமுறையாகச் செய்கிறார்கள். வால்நட்டுக்கு அதைவிட நல்ல இடம் இந்தியாவில் இல்லை. ஆனால் கன்னம் படியவில்லை என்றால் ஒரு மில்லிமீட்டர் சீவ நான் விமானம் ஏற வேண்டும். தையல்காரர் பக்கத்துத் தெருவில் இருப்பதுதான் நல்லது.

தஞ்சாவூர்ப் பயணம் வேறு மாதிரி. வீணை செய்கிற ஒருவரிடம் கேட்டுப் பார்க்கலாம் என்ற யோசனை எனக்கே வந்தது. பலா மரத்தைக் குடைந்து குடத்தை அத்தனை மெல்லிசாக எடுக்கிறவர்களுக்கு ஒரு துப்பாக்கிக் கட்டை எம்மாத்திரம்? பட்டறைக்குள் நுழைந்தால் தரையெல்லாம் மஞ்சள் சீவல். பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வந்த பலாக்கட்டைகள் சுவரோரம் அடுக்கிக் கிடந்தன. ஒருவர் குடத்துக்குள் வளைந்த வாச்சியை விட்டு வெட்டிக்கொண்டிருந்தார். இரண்டு கொத்துக்கு ஒரு தடவை நிறுத்தி, வெளிப்பக்கம் விரல் முட்டியால் தட்டிக் கேட்டுவிட்டு மறுபடி வெட்டினார். எவ்வளவு கனம் மிச்சம் இருக்கிறது என்பது அவருக்குக் காதில் தெரிந்தது.

உரிமையாளர் எழுபது வயதுக்காரர். என் ரைஃபிளின் கட்டையையும் அதேபோலத் தட்டிக் கேட்டார். இரண்டு மூன்று இடத்தில் தட்டினார்.

"இது பேசக் கூடாதுல்ல?"

"ஆமாங்கய்யா. சுடும்போது எதுவும் அதிரக் கூடாது."

"நாங்க பேச வைக்கிறதுக்குத் தம்பி குடையுறோம். எங்க கை எப்பவும் மெலிசாக்கத்தான் போகும். உங்களுக்கு மொத்தமா, ஊமையா வேணும். நல்லா வராது."

வேலை தெரியாது என்று அவர் சொல்லவில்லை, எனக்கு நல்லா வராது என்றார். காபி வரவழைத்துக் கொடுத்தார். கிளம்பும்போது, பலாவில் செய்ய வேண்டாம், ஸ்க்ரூ இறுக்க இறுக்க மரம் நசுங்கும் என்று மட்டும் சொல்லி அனுப்பினார். தேடியதில் வேண்டாம் என்று மறுத்தவர் அவர் ஒருவர்தான். எனக்கு அவர்மேல் இன்றைக்கும் மரியாதை அதிகம்.

கடைசியில் ஆள் கிடைத்தது என் வீட்டிலிருந்து நான்கு கிலோமீட்டர் தூரத்தில், கணபதியில். பம்ப் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் க்ளப் நண்பர், "எங்க பவுண்டரிக்குப் பேட்டர்ன் செய்யுற மேஸ்திரியைப் பாருங்க" என்றார். எனக்கு அது ஏன் முன்பே தோன்றவில்லை என்று ஆச்சரியமாக இருந்தது. இந்த ஊரில் பம்பும் மோட்டாரும் கிரைண்டரும் வார்ப்பில்தான் பிறக்கின்றன. ஒவ்வொரு வார்ப்புக்கும் முன்னால் ஒரு மரப் பேட்டர்ன் உண்டு. மணலில் அதை அமுக்கி எடுத்த பள்ளத்தில்தான் இரும்பைக் காய்ச்சி ஊற்றுவார்கள். உருகிய இரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒரு பங்கு அளவில் சுருங்கும், அலுமினியம் அதைவிட அதிகம். அதனால் பேட்டர்ன் செய்கிறவர்களிடம் அந்தச் சுருக்கத்தைச் சேர்த்தே கோடு போட்ட தனி ஸ்கேல்கள் இருக்கும். இரும்புக்கு ஒன்று, அலுமினியத்துக்கு ஒன்று. உள்ளே துவாரம் வர வேண்டிய இடத்துக்குக் கோர் பாக்ஸ் என்று தனிப்பெட்டி. வெளியே பார்த்தால் மரச்சாமான். ஆனால் வேலை முழுக்க வெற்றிடத்தைப் பற்றியது.

கம்ப்யூட்டரில் வரைந்து சிஎன்சியில் வெட்டிக்கொள்ளும் காலம் வந்த பிறகு மரப் பேட்டர்ன் குறைந்துவிட்டது. மேஸ்திரியின் பட்டறையிலும் நான்கு மேசையில் ஒன்றுதான் ஓடியது. ரைஃபிளை மேசையில் வைத்தேன். அவர் அதைத் தலைகீழாகத் திருப்பினார்.

"கட்டையைக் கழட்டிக் காட்டுங்க."

கழற்றிக் கொடுத்தேன். பழைய கட்டையின் உட்பக்கத்தைப் பத்து நிமிடம் பார்த்தார். விரலை விட்டுத் தடவினார். பிறகு யந்திரத்தைக் கையில் எடுத்துப் பின்பக்கம் தள்ளிப் பார்த்து, "ஏனுங்க, இது அசையுதே?" என்றார்.

இந்த ரைஃபிளின் சூட்சுமமே அங்கேதான். உள்ளே ஸ்ப்ரிங் பிஸ்டன். பிஸ்டன் முன்னால் பாயும்போது மொத்த யந்திரமும் சிறு தண்டவாளத்தின் மேல் சில மில்லிமீட்டர் பின்னுக்கு நழுவி அந்த உதைப்பை விழுங்கிவிடும். தோளுக்கு ஒன்றும் தெரியாது. அடித்தட்டு கட்டையில் கல்லாட்டம் உட்கார வேண்டும், மேலே இருப்பது எதையும் உரசாமல் ஓட வேண்டும். எங்கோ ஓர் இடத்தில் மரம் தொட்டுவிட்டால் குண்டு போகும் திசை மாறும், ஏன் என்று கண்டுபிடிக்கவும் முடியாது. நான் பார்த்த அத்தனை பேரில் அது அசைகிறது என்று கவனித்தவர் இவர் மட்டுமே.

"அப்போ தொடுற இடம் வேற, தொடக் கூடாத இடம் வேற" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்புறம் என்னைப் பார்த்து, "நீங்க சுடறப்ப எப்படி நிப்பீங்க?" என்றார்.

அடுத்த வாரம் கேன்வாஸும் தோலும் சேர்த்துத் தைத்த சுடும் கோட்டைப் போட்டுக்கொண்டு அந்தப் பட்டறையில் நின்றேன். அந்தக் கோட்டில் ஆள் ரோபோ மாதிரிதான் நடக்க முடியும். பக்கத்து லேத் பட்டறைப் பையன்கள் வேலையை விட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்த்தார்கள். மேஸ்திரி உத்தரத்திலிருந்து தூக்குநூல் கட்டித் தொங்கவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு ரைஃபிளைத் தூக்கி வசதியாக வைக்கச் சொல்வார், அப்புறம் கண்ணைத் திறக்கச் சொல்வார். பின்காட்சியின் துளை கண்ணுக்கு நேராக இருக்கிறதா, மேலா கீழா, எவ்வளவு என்று கேட்டுக் குறித்துக்கொள்வார். தோளிலிருந்து ட்ரிக்கருக்கு, முஷ்டியிலிருந்து பார்வைக் கோட்டுக்கு, கன்னத்தெலும்பிலிருந்து குழலின் மையத்துக்கு. சோர்ந்துபோய் உட்காரலாம் என்று பார்த்தால், "இப்பத்தான் சரியா நிக்கிறீங்க, அப்படியே இருங்க" என்றார். அறுபது குண்டின் கடைசிப் பத்துக்குத்தான் கட்டை வேண்டும் என்பதை நான் சொல்லாமலே பிடித்துக்கொண்டார்.

மரம் பற்றிச் சண்டை வந்தது. எனக்கு ஈட்டி மேல் ஆசை. தமிழ்நாட்டில் அப்போது ஈட்டிக்கென்று தனிச் சட்டமே இருந்தது, அது ஒரு பக்கம். கன மீட்டருக்கு எண்ணூறு கிலோவுக்கு மேல் வரும் மரம். போட்டியில் ரைஃபிள் மொத்தம் 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது. தேக்கு எடையில் வால்நட்டை ஒத்தது, ஆனால் கைப்பிடிக் கழுத்தில் ரேகையோடு பிளந்துகொள்ளும் என்று அவருக்குப் பயம். "வாகை போடலாம்" என்றார். பழைய ஆங்கிலேய மரவணிகத்தில் வாகையைக் கிழக்கிந்திய வால்நட் என்றே விற்றார்கள். கரும்பழுப்பில் ஆங்காங்கே பொன்னிற வரி ஓடும். என் மாமனார் வீட்டில் பிரித்துப்போட்ட வாகைச் செக்கு ஒன்று கிடந்தது. பெருமையாக அதைச் சொன்னேன். ஒரு துண்டு கொண்டுவரச் சொல்லி, மோந்து பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "ரெண்டு தலமுறை நல்லெண்ணெய் குடிச்சிருக்குதுங்க. இதுல பசையும் நிக்காது, பாலிஷும் நிக்காது." கடைசியில் மேட்டுப்பாளையத்து மரக்கடையில் வருடக்கணக்கில் காய்ந்து கிடந்த பலகை ஒன்றை அவரே போய்ப் புரட்டி எடுத்துவந்தார். கைப்பிடி வளையும் இடத்தில் ரேகையும் கூடவே வளைந்து ஓடும் துண்டாகப் பார்த்துச் சாக்பீஸில் கோடு போட்டார். பழைய கட்டைகள் உடைவதெல்லாம் அந்தக் கழுத்தில்தான், ரேகை குறுக்கே ஓடுகிற இடத்தில்.

நல்ல மரத்தைத் தொடுவதற்கு முன் பேக்கிங் பெட்டி மரத்தில் ஒரு டம்மி செய்தார். கைப்பிடியில் பட்டியை அப்பி, மேலே பாலிதீன் கவரைச் சுற்றி என்னைப் பிடிக்கச் சொன்னார். இறுகியதும் என் இடது உள்ளங்கை அப்படியே அதில் இருந்தது, சுண்டுவிரலின் கோணல் உட்பட. ட்ரிக்கர் விரல் மட்டும் கட்டையில் எங்கேயும் படக் கூடாது என்றேன். அந்த இடத்தில் பள்ளம் வெட்டி, கீழே கட்டைவிரலுக்கு ஒரு திட்டு விட்டார். டம்மியோடு ஒரு மாதம் சுட்டேன். க்ளப்பில் அதற்குத் தக்காளிப் பெட்டி என்று பெயர் வைத்தார்கள். பெட்டியில் சுட்ட முதல் மாதமே கழுத்து வலி நின்றுவிட்டது, அதைச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை.

வாகையை இழைப்பது லேசில்லை. ரேகை ஒரு விரற்கடைக்கு இப்படியும் அடுத்த விரற்கடைக்கு அப்படியும் ஓடும். இழைப்புளி ஒரு பக்கம் வழுக்கும், மறுபக்கம் பிய்க்கும். தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது. பட்டறை முழுக்கத் துண்டைக் கட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். வெளிவடிவத்தை அவருடைய உதவியாளர்தான் மர அரத்தால் ராவி, கண்ணாடிச் சில்லால் சுரண்டி முடித்தார். உட்பள்ளத்தை மேஸ்திரி யாரையும் தொடவிடவில்லை. ஃபிட்டர்கள் வைத்திருக்கும் ப்ளூவை அடித்தட்டில் மெலிசாகப் பூசி, பள்ளத்தில் இறக்கி, மேலே எடுப்பார். மரத்தில் நீலம் ஒட்டிய புள்ளியை மட்டும் உளியால் ஒரு சீவல், தாள் கனத்துக்கு. மறுபடி பூசி, மறுபடி இறக்கி. முதலில் மூன்று நான்கு புள்ளிதான் ஒட்டியது. மாலைக்குள் பள்ளத்தின் தரை முழுக்க நீலம் சமமாகப் பரவியது. அப்புறம் பக்கச் சுவர்களுக்கு வந்தார். அங்கே நீலமே ஒட்டக் கூடாது. தன் விசிட்டிங் கார்டை எடுத்து யந்திரத்துக்கும் மரத்துக்கும் நடுவில் சுற்றிலும் ஓட்டிக் காட்டினார். எங்கும் மாட்டவில்லை. வேலை நடந்த நாட்களெல்லாம் சுருக்க ஸ்கேல்களைத் துணியில் சுற்றி அலமாரி மேல் தூக்கி வைத்திருந்தார். பழக்கத்தில் கை அதை எடுத்துவிடும் என்று பயம்.

வழவழப்பாக்குவதில்தான் அவரோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. அவருக்கு வார்னிஷ் வேண்டும், பளபளவென்று. பேட்டர்ன் மணலில் ஒட்டாமல் வர அடிப்பது போல. எனக்கு ஆளிவிதை எண்ணெய் மட்டும் போதும். கன்னம் வைக்கும் இடத்தில் வியர்வை வழுக்கக் கூடாது. ஒருவழியாக எண்ணெய்க்குச் சம்மதித்தார். உள்பள்ளத்துக்கு மட்டும் தன் இஷ்டப்படி ஷெல்லாக் அடித்துக்கொண்டார். ஈரம் உள்வழியாகத்தான் புகும் என்பது அவர் வாதம். அதில் அவர்தான் சரி என்பது சென்னையில் தெரிந்தது. போட்டிக்குப் போன இடத்தில், ரயிலிலிருந்து இறங்கியதும் சொல்லி அனுப்பியபடி கார்டை விட்டுப் பார்த்தேன். கோயம்புத்தூரில் லேசாக ஓடிய கார்டு அங்கே கொஞ்சம் இறுக்கமாக ஓடியது. ஓடியது, அவ்வளவு போதும். கருவிச் சோதனையில் 4.9 கிலோ என்று எழுதிக்கொண்டு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். ஒரு அதிகாரி கட்டையைத் தடவிப் பார்த்து எந்த நாட்டுச் சரக்கு என்று கேட்டார். கணபதி என்றேன். அவர் மேலே எதுவும் கேட்கவில்லை.

கூலி பதினெட்டாயிரம் சொன்னார். குறைத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. மரத்துக்கான பணத்தை அதில் சேர்க்கவில்லை என்று பில்லைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. பில்லில் 'மரப் பேட்டர்ன், 1' என்று எழுதியிருந்தார்.

இப்போது க்ளப்பில் பதினான்கு வயதுப் பெண் ஒருத்திக்கு அவர் கட்டை செய்துகொண்டிருக்கிறார். வலதுகைக்காரிதான், ஆனால் கண் இடது. எடை நாற்பது கிலோகூட இல்லாத குழந்தை. வாகை அவளுக்குப் பாரம். தோட்டங்களில் பிளைவுட்டுக்காக வளர்க்கும் மலைவேம்பில் செய்யலாம் என்று ஆரம்பித்திருக்கிறார். லேசான மரம், விலையும் குறைவு. அதில் ஸ்க்ரூ பிடிக்காது என்று நான் சொல்கிறேன். பித்தளை புஷ் இறக்கினால் பிடிக்கும் என்கிறார் அவர். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு துண்டில் புஷ் இறக்கி, ஸ்க்ரூவை ஏற்றி, என்னிடம் ஸ்பேனரைக் கொடுத்து, "நீங்களே இறுக்கிப் பாருங்க சார்" என்றார். இன்னும் அரைச் சுற்று போகுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்.